பக்கத்து வீட்டு பிஸ்கட் டின்

கேள்வி: எனக்கு 35 வயது. கல்லடியில் இருக்கிறேன். கணவர் கட்டாரில், 8 வயதில் ஒரு மகள். எங்கள் அம்மாவின் வளவு நாவலடியில் இருந்தது, சுனாமியோடு போய்விட்டது. பிறகு திராய்மடுவில் அம்மாவுக்கு ஒரு வீடு கிடைத்தது. நான் மூத்தவள், அந்த வீடு எனக்குத்தான் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். கடைசியில் தங்கச்சியின் கல்யாணத்துக்கு அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு நாவலடியில் வெறும் காணித்துண்டு. நாங்கள் லோன் எடுத்துத்தான் இந்த வீட்டைக் கட்டினோம். தங்கச்சியோடு கதைத்து 3 வருடம். அம்மாவும் அவளோடுதான்.

பக்கத்து வளவில் ஒரு மாமி தனியே இருக்கிறார். யாரோடும் கதைப்பதில்லை, கதவு திறப்பதில்லை. ஐப்பசியில் அவருக்குக் காய்ச்சல் என்று கஞ்சி கொண்டு போனேன். பகல் 12 மணிக்கு உள்ளே ஒரே இருட்டு, யன்னல் முழுக்கப் பேப்பர் ஒட்டியிருந்தது. ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காணி உறுதிப் பத்திரம், பெட்டிசக் கொப்பி எல்லாம் எடுத்து, தம்பியார் ஏமாற்றிய கதையை 2006 இலிருந்து திகதி திகதியாகச் சொன்னார். கஞ்சி ஆறிப்போனது. அன்றிரவு மகள் தூங்கிய பிறகு வழக்கம்போல போனை எடுத்தேன். சண்டை நேரத்தில் தங்கச்சி அனுப்பிய வொய்ஸ் மெசேஜ்கள் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன், 11 மணிபோல் ஒவ்வொன்றாகக் கேட்பேன். அன்றைக்குக் கை நடுங்கியது. என்னுடைய டின் இதுதான் என்று பட்டது.

கார்த்திகை விளக்கீட்டன்று மகள் அந்த மாமியின் கடப்படியில் ஒரு சிட்டி விளக்கு (சின்ன மண் அகல்) வைத்தாள். காலையில் அது கழுவி எங்கள் மதிலில் கவிழ்த்து வைத்திருந்தது. நானும் இப்படித்தான் ஆகிவிடுவேனா? உள்ளுக்குள் வெளிச்சம் வேண்டுமென்றால் நடந்ததை மறக்கத்தான் வேண்டுமா?

— பெயர் வேண்டாம், கல்லடி

பதில்:

மகள், இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மறக்க வேண்டாம். "போகட்டும் விடு, ஒரு வீடுதானே" என்று உங்களிடம் நாலு பேர் சொல்லியிருப்பார்கள், அதைக் கேட்டுக் கேட்டே உங்களுக்கு இன்னும் கோபம் கூடியிருக்கும், நான் அதைச் சொல்லப் போவதில்லை. நமது பக்கத்தில் வீடு என்பது பெண்பிள்ளையின் அடையாளம். வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இது விளங்காமல் போகலாம்: மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு மகளுக்குத்தான் போகும், கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், குடி என்கிற வம்சப் பிரிவுகூடத் தாய் வழியில்தான். மூத்தவளுக்குப் பெரிய வீட்டை விட்டுவிட்டு, அதே வளவில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு தாய் தகப்பன் இளையவளோடு ஒதுங்கிய குடும்பங்களை நான் எத்தனையோ கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில் மூத்த மகளாகப் பிறந்து, "உன்ர வீடு, உன்ர வீடு" என்று கேட்டு வளர்ந்து, கடைசியில் லோன் எடுத்துக் கட்டினது சின்ன விசயம் இல்லை.

ஆனால் அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 க்கு முன் உங்கள் அம்மாவிடம் ஒரு வளவு இருந்தது, அதில் இரண்டு மகள்மாருக்கும் இரண்டு வீடு எழும்பியிருக்கும். அதன் பிறகு கடலில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள், பிறகு அதை மாற்றினார்கள், அதற்குள் சனம் திராய்மடுவுக்குப் போய்விட்டது. குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற கணக்கில் கொடுத்தவர்களுக்கு நமது சீதன வழக்கம் கணக்கில் வரவில்லை. எத்தனையோ இடத்தில் வீட்டுத் தலைவர் என்று ஆம்பிளையின் பெயரைப் போட்டார்கள், பெண் பெயரில் இருந்த வளவுக்குப் பதிலாகப் புருசன் பெயரில் வீடு வந்தது. உங்கள் அம்மா கையில் கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு வீடு, பிள்ளைகள் இரண்டு பேர். அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. உங்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், அதுதான் உங்களுக்கு வீட்டைவிடப் பெரிய காயம் என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது அந்த 11 மணிக்கு வருவோம்.

நான் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் என் அம்மா படுக்கையில் விழுந்தார். எங்கள் வீடு ஆரையம்பதி. வீட்டுக்குக் கிட்டவுள்ள பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இடமாற்றம் கேட்டு எழுதினேன். அந்த இடம் ஆள்பலம் உள்ள இன்னொருவருக்குப் போனது, என்னை வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைக்குப் போட்டார்கள். மண்முனைப் பாலம் 2014 இல்தான் வந்தது, அதற்கு முன்பு அந்தத் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும், பாதை அந்தக் கரையில் நின்றால் வெயிலில் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். அம்மா போன அன்றைக்கு நான் அந்தத் துறையில்தான் நின்றேன். அந்த இடமாற்றத்தை மறித்த அதிகாரியின் கதையை நான் 4 வருடம் சொன்னேன். வீட்டுக்கு வருகிற ஒருவரையும் விடவில்லை.

ஒருநாள் ஒரு உறவுக்காரர் வந்தார். நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்கிறேன், முன்னறையில் என் மகன், அப்போது 9 வயது, அவருக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரு சொல் பிசகவில்லை. அந்த அதிகாரி கடிதத்தை மேசையில் தள்ளிவிட்டார் என்று சொல்கிற இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தி மூச்சு எடுப்பேன். அவனும் நிறுத்தினான், மூச்சு எடுத்தான். கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அன்றிரவு அந்தக் கதையை நானே மனதுக்குள் முதலில் இருந்து ஓட்டிப் பார்த்தேன். அதில் அந்த அதிகாரியின் பெயர் அடிக்கொரு தரம் வருகிறது. என் அம்மா எங்கே என்று பார்த்தால், "அம்மாவுக்குச் சுகமில்லை" என்று தொடக்கத்தில் ஒரு தரம், "அம்மா போயிட்டா" என்று முடிவில் ஒரு தரம், அவ்வளவுதான். கடைசி மாதத்தில் அவர் ஆசைப்பட்டுக் கேட்ட இரால் சொதி அதில் இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கின இரவுகள் இல்லை. 4 வருடமாக நான் அம்மாவுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அந்த மனிதனையே வீட்டில் குடிவைத்திருந்தேன்.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். லோன் இருக்கிறது, வொய்ஸ் மெசேஜ் இருக்கிறது, 3 வருடம் என்ற கணக்கு இருக்கிறது. தங்கச்சிக்கு என்ன வயது என்று இல்லை. சுனாமி வந்தபோது உங்களுக்கு 14 வயது இருந்திருக்கும், அவள் அதைவிடச் சின்னவள். அன்றைக்கு அவள் கையை யார் பிடித்துக்கொண்டு ஓடினது? அதற்குப் பிறகு முகாமில் யாரோடு ஒரே பாயில் படுத்தாள்? எனக்குப் பதில் எழுத வேண்டாம். ஆனால் அந்தப் போனில் இருக்கிற குரல் உங்கள் தங்கச்சியின் மிக மோசமான ஒரு வாரத்துக் குரல், அதை ஒவ்வொரு இரவும் கேட்டுக் கேட்டு அவளுடைய மற்றக் குரல்கள் எல்லாம் உங்களுக்கு மறந்து வருகின்றன. இருட்டு என்று நான் சொல்வது அதைத்தான். இருட்டு அறையில் டோர்ச் லைட்டை ஒரு சாமான் மேல் மட்டும் அடித்தால் அறை முழுக்க அது மட்டுமே இருப்பது போலத்தான் தெரியும். யன்னலைத் திறந்தால் அந்தச் சாமான் எங்கும் போய்விடாது, அது அங்கேதான் இருக்கும், ஆனால் கட்டிலும் தெரியும், கதவும் தெரியும், பாயில் படுத்திருக்கிற பிள்ளையும் தெரியும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த மெசேஜ்களை இன்றைக்கே அழியுங்கள் என்று சொல்ல மாட்டேன், அழித்துவிட்டு அடுத்த நாள் அதற்காகவும் அழுவீர்கள். நம்பிக்கையான ஒரு கூட்டாளியின் போனுக்கு எல்லாவற்றையும் அனுப்பி, "இது உன்னிடம் இருக்கட்டும், நான் கேட்டாலும் 3 மாதத்துக்குத் தராதே" என்று சொல்லிவிட்டு, உங்கள் போனில் இருந்து எடுத்துவிடுங்கள். 11 மணிக்குப் போன் முன்னறையில் இருக்கட்டும், நீங்கள் மகளோடு படுங்கள். முதல் ஒரு கிழமை கை தேடும். எனக்கும் அந்தக் கதை வாய் நுனிவரை வந்து வந்து போனது, யாராவது வந்தால் எழும்பி முற்றத்துக்குப் போய் நிற்பேன். எப்போது நின்றது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஒருநாள் பாதையில் போகும்போது அக்கரையில் கொக்குகள் நிற்பதைப் பார்த்தேன், எத்தனை வருடமாக இதே வழியில் போகிறேன், இவ்வளவு கொக்கு நிற்கிற இடமா இது என்று இருந்தது.

காணி விசயம் வேறு, அதை மனதுக்குள் வைத்து விசாரிக்காமல் வெளியே கொண்டு போங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பில் அலுவலகம் இருக்கிறது, அம்மா எழுதிக் கொடுத்த உறுதியின் பிரதியைக் கொண்டுபோய் உங்களுக்கு ஏதாவது உரித்து இருக்கிறதா இல்லையா என்று ஒரே தரம் தெளிவாகக் கேளுங்கள். இல்லை என்றால் இல்லை என்று தெரிந்துகொள்வதும் ஒரு பெரிய ஆறுதல். காசாகவோ நாவலடிக் காணியைத் திருத்தவோ தங்கச்சி ஏதாவது தர வேண்டும் என்று நினைத்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து வந்தது, மூன்று பேர் இருந்து இரண்டு பக்கத்தையும் கேட்பார்கள், யார் வென்றது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிற ஒரு வழிக்குத்தான் பார்ப்பார்கள். உங்கள் நியாயத்தை உங்களுக்கே திரும்பத் திரும்பச் சொல்லாமல், கேட்க வேண்டிய ஆட்களின் முன்னால் ஒரு தரம் சொல்லுங்கள்.

தங்கச்சியோடு இப்போதே சமாதானமாகப் போங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் உங்கள் மகளை அம்மம்மாவிடம் விடுங்கள். அது சின்னம்மாவின் வீடு என்பதற்காகக் குறுக்கே நிற்காதீர்கள். என் மகன் அந்த முன்னறையில் நின்ற நிற்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, உங்கள் மகள் அந்த வொய்ஸ் மெசேஜ்களை அரைத்தூக்கத்தில் கேட்டிருக்க மாட்டாள் என்று உங்களால் அடித்துச் சொல்ல முடியுமா?

இதையும் கேட்டுவிடுகிறேன், மறைக்காமல் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கிழமையாகத் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்தால் என்ன என்ற நினைப்பு வருகிறது, இதில் ஏதாவது இருந்தால் என் கடிதம் போதாது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காய்ச்சலுக்குப் போவது போலப் போங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 க்கு எடுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம் அது, எந்த நேரமும் எடுக்கலாம். யாரும் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்க வேண்டாம்.

அந்த மாமியைப் பற்றி. "நானும் இப்படி ஆகிவிடுவேனா" என்று கேட்கிறீர்கள். அவர் எப்படி ஆனார் என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. 2006 இல் இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள், சண்டையும் இடப்பெயர்வுமாக இருந்த நேரம், தனியாக ஒரு பெண் உறுதியைத் தூக்கிக்கொண்டு எந்தக் கந்தோருக்குப் போயிருப்பார், யார் இருந்து கேட்டிருப்பார்? அந்த டின்னைத் திறந்து கேட்க ஒரு ஆள் வந்தது அவருக்கு எத்தனை வருடத்துக்குப் பிறகோ. உங்களுக்குப் பயம் வந்தது நல்லது, அந்தப் பயம்தான் உங்களை எழுத வைத்தது, ஆனால் அவரைப் பார்த்துப் பயப்படுவதோடு நிறுத்திவிடாதீர்கள்.

ஏனென்றால் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்தச் சிட்டி விளக்கில் நான் நின்றுவிட்டேன். எரிந்த சிட்டியைக் கழுவுவது லேசு இல்லை மகள், எண்ணெய்ப் பிசுக்கும் திரிக் கரியும் ஒட்டிக்கொண்டு போகாது, சாம்பலோ தும்போ போட்டுத் தேய்க்க வேண்டும். யன்னலில் பேப்பர் ஒட்டிக்கொண்டு இருக்கிற ஒரு மனுசி அதை உள்ளே எடுத்துக்கொண்டு போய், தேய்த்துக் கழுவி, விடியமுதல் வெளியே வந்து, தண்ணீர் வடியட்டும் என்று உங்கள் மதிலில் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார். குப்பையில் எறிந்திருக்கலாம். அப்படியே கடப்படியில் விட்டிருக்கலாம்.

வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தச் சிட்டியில் எண்ணெய் விட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, கஞ்சியும் கொண்டு போங்கள். இந்த முறை டின்னைத் திறக்க முதல் கஞ்சியைக் குடிக்கச் சொல்லுங்கள். கதவு திறக்காவிட்டால் விளக்கைக் கடப்படியில் வைத்துவிட்டு வாருங்கள், காலையில் மதிலைப் பாருங்கள்.