ஆறு படம், அரை இலை

கேள்வி: புதிதாக வாங்கிய வீட்டின் தோட்டத்தில் பெயர் தெரியாத மூன்று புதர்ச்செடிகள் நிற்கின்றன. ஒன்றில் மஞ்சளாக மணி போலப் பூ. செல்போன் செயலியில் மூன்று முறை பார்த்தேன், மூன்று பெயர் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ‘அரளி, விஷம்’ என்கிறார். கவாத்து செய்து போட்ட கிளையை ஆடு இரண்டு வாய் மென்றுவிட்டது. ஐந்து நாளாயிற்று, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பயம் போகவில்லை. மற்ற இரண்டிலும் வெள்ளைப் பூ. படங்களைப் பார்த்துப் பெயர் சொல்லுங்கள்.

பதில்: ஐந்து நாள் தாண்டியும் ஆடு தீனி எடுத்து அசை போடுகிறதென்றால் அந்தக் கவலையை விடுங்கள். அரளி விஷம் இத்தனை நாள் காத்திருக்காது.

இனி படங்கள். ஆறு அனுப்பியிருக்கிறீர்கள், ஆறிலும் பூதான். மூன்றாவது படத்தின் ஓரத்தில் மட்டும் அரை இலை தப்பி வந்திருக்கிறது. விளிம்பில் ரம்பப் பல். அந்த அரை இலைதான் எனக்கு உதவியது.

மஞ்சள் பூவை வைத்து ஏமாற மூன்று செடிகள் உண்டு. மஞ்சள் அரளியில் இலை ஒல்லியாக, நீளமாக, பல் இல்லாமல் இருக்கும். கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். காய் பச்சையாக, கொஞ்சம் முக்கோணமாக இருக்கும். அலமண்டாவிலும் பால் உண்டு, ஆனால் ஒரே கணுவில் மூன்று நான்கு இலைகள் சுற்றி நிற்கும். டெக்கோமாவில் (சொர்ணப்பட்டி என்பார்கள்) பாலே இல்லை. ஒரு காம்பில் பல சிற்றிலைகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் பல், காய் விரல்போல நீளம். உங்களுடையது டெக்கோமா என்றே தோன்றுகிறது. அரை இலையை நம்பி ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். பால் வந்தால் கையைக் கழுவுங்கள், கண்ணில் படக்கூடாது.

வெள்ளை இரண்டும் அடுக்குப் பூ. அடுக்கு நந்தியாவட்டையும் கார்டீனியாவும் பூவில் அண்ணன் தம்பி மாதிரி. கிள்ளினால் நந்தியாவட்டை பால் விடும், கார்டீனியா விடாது. கார்டீனியாவின் இளங்கணுவில் இலைக்காம்புகளுக்கு நடுவே மெல்லிய உறை ஒன்று தண்டைச் சுற்றியிருக்கும். அதை நகத்தால் தொட்டுப் பார்த்தே கண்டுகொள்ளலாம்.

நீங்கள் பெயரைக் கேட்டீர்கள். நான் கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கும் கேள்வி வேறு: பெயர் தெரியாத செடியை ஏன் கவாத்து செய்தீர்கள்? வெட்டியதை ஆட்டுக்கு எட்டும் இடத்தில் ஏன் போட்டீர்கள்? புதுத் தோட்டம் கைக்கு வந்தால் ஒரு முழு வருடம் கத்தரிக்கோலை உள்ளே வையுங்கள். எது எப்போது துளிர்க்கிறது, எங்கே மொட்டு வைக்கிறது, என்ன காய்க்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இலை எதிரெதிரா, மாற்றி மாற்றியா, கணுவைச் சுற்றி வட்டமா; பால் உண்டா; விளிம்பு எப்படி. இந்த மூன்றையும் எழுதிய பிறகே பூவைப் பற்றி ஒரு வரி. ஒரு கொத்தை இலையோடு பழைய தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்தால் ஆறு படத்தை விட அது எனக்கு மேல். நான் இதையே சொல்லிச் சொல்லி நண்பர்களிடம் கேலிக்கு ஆளாகியிருக்கிறேன், பரவாயில்லை.

செயலியைக் குறை சொல்ல மாட்டேன், பூவை மட்டும் காட்டினால் அது பூவை வைத்துத்தானே ஊகிக்கும். நர்சரிக்காரர்களைத்தான் சொல்வேன். பெயர் தெரியாத நாற்றுக்கு ‘ஹைப்ரிட்’, ‘இம்போர்ட்டட்’ என்று சீட்டு ஒட்டுவது பெயர் வைப்பதாகாது. இன்னும் மோசம், என்ன செடி என்றே தெரியாமல் ‘இதற்கு இந்த மருந்து அடியுங்கள்’ என்று பாட்டிலை நீட்டுவது. அப்படி நீட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

‘அரளி’ என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். செவ்வரளி வேறு, மஞ்சள் அரளி வேறு, மஞ்சள் பூ எதையும் அரளி என்பவர்களும் உண்டு. அறிவியல் பெயரும் நிலையாக நிற்பதில்லை: மஞ்சள் அரளி பழைய புத்தகங்களில் தெவேசியா பெருவியானா, இப்போது காஸ்கபெலா தெவேசியா.

சரி, கிள்ளிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பால் வந்தால், இனி வெட்டும் கிளையைக் காய்ந்தாலும் ஆட்டுக்குக் காட்டக்கூடாது. காய்ந்த இலையிலும் விஷம் இருக்கும். புதைத்துவிடுங்கள், எரிக்க வேண்டாம். அடுத்த படத்தில் பூ தேவையில்லை, ஒரு கணுவைக் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள்.