பிஎஸ்5 ஆட்டத்தை ரூம் கம்ப்யூட்டரில் ஓட்டுவது எப்படி? கேள்வி பதில்

ஹாலில் டிவியை வேறு யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் பிஎஸ்5-ஐ (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) ரூமில் இருக்கிற கம்ப்யூட்டரில் ஆடலாம். அதற்குத்தான் சோனியின் ரிமோட் ப்ளே ஆப்: ஆட்டம் கன்சோலிலேயே ஓடும், படம் மட்டும் நெட்வொர்க் வழியாக கம்ப்யூட்டருக்கு வரும். அதைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணா, என்கிட்ட 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கு, இருந்தும் படம் கட்டம் கட்டமா உடையுது. பெரிய பிளானுக்கு மாறணுமா?

வேண்டாம் தம்பி, காசு வீண். கன்சோலும் லேப்டாப்பும் ஒரே ரௌட்டரில் இருந்தால் படம் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை, அதனால் உங்கள் 300-க்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. சோனி கேட்பதே குறைந்தது 5 எம்பிபிஎஸ், நன்றாக வர 15. பிரச்சினை வேகத்தில் இல்லை, சீரில்தான். நொடிக்கு 60 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். யூடியூப் மாதிரி முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் நீங்கள் பட்டனை அழுத்திய பிறகுதான் அடுத்த படமே உருவாகிறது. இரண்டும் வைஃபையில் இருந்தால் அதே டேட்டா கன்சோலிலிருந்து ரௌட்டருக்கு ஒரு தடவை, ரௌட்டரிலிருந்து லேப்டாப்புக்கு இன்னொரு தடவை என்று காற்றில் இரண்டு முறை போகும். முதலில் கன்சோலுக்கு ஒரு லேன் கேபிள் இழுங்கள், சாதாரண கேட்5இ ரகக் கேபிளே போதும். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

கேபிள் போட்டாச்சு, இன்னும் அப்பப்போ திக்குது.

அப்படியானால் லேப்டாப் பக்கம் பாருங்கள். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பிங் கட்டளையோடு ரௌட்டரின் முகவரியைக் கொடுத்து (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), பின்னால் -t சேர்த்து ஓட விடுங்கள். பதில் வர ஆகும் நேரம் 1, 2, 2, 1 மில்லிசெகண்ட் என்று வந்தால் வைஃபை நன்றாக இருக்கிறது. நடுநடுவே 80, 150 என்று எகிறினால் திக்கலுக்குக் காரணம் அதுதான், ஆப்பைத் திட்டிப் பயனில்லை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிப் பாருங்கள். 2.4-இல் பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத் ஹெட்செட், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் மோதும். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் பலவீனமாகும், இரண்டு கான்கிரீட் சுவர் குறுக்கே இருந்தால் லேப்டாப்புக்கும் கேபிள்தான் வழி. கன்ட்ரோலரையும் லேப்டாப்பில் யுஎஸ்பி ஒயரில் மாட்டுங்கள்.

ஒரு மணி நேரம் ஆடினா எத்தனை ஜிபி போகும் சார்? எனக்கு மாச லிமிட் இருக்கு.

15 எம்பிபிஎஸ் கணக்கில் மணிக்கு ஏறக்குறைய 6.75 ஜிபி. வீட்டுக்குள் ஆடினால் இது உங்கள் லிமிட்டில் கழியாது, சோனி அக்கவுன்ட்டில் லாகின் செய்வதற்கு மட்டும் கொஞ்சம் நெட் செலவாகும். வெளியூரிலிருந்து ஆடினால் முழுதும் கழியும், அப்போது வீட்டு லைனின் அப்லோடு வேகமும் முக்கியம்.

ரெஸ்ட் மோடில் (கன்சோல் தூங்கும் நிலை) இருக்கும்போது லேப்டாப்பால் கன்சோலை எழுப்ப முடியவில்லை.

செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் சேவிங் போய் ரெஸ்ட் மோட் பகுதியில் இன்டர்நெட்டோடு இணைந்தே இருப்பது, நெட்வொர்க் வழியாக ஆன் செய்வது இரண்டையும் ஆன் பண்ணுங்கள். சிஸ்டத்துக்குள் இருக்கும் ரிமோட் ப்ளேயும் ஆனில் இருக்கணும். லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் (விருந்தாளிகளுக்கான தனி வைஃபை) இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் இருக்கும் சாதனத்தை மற்ற சாதனங்களோடு பேசவிடாமல் பல ரௌட்டர்கள் தடுத்துவிடும்.

இதையே ரெக்கார்ட் பண்ணி வீடியோ போடலாமா?

போடலாம், நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே சுருக்கி அனுப்பிய படத்தை மறுபடி சுருக்கினால் புல், மழை, புகை எல்லாம் கலங்கலாகத் தெரியும். அதற்குக் கேப்சர் கார்டு (கன்சோலின் எச்டிஎம்ஐ படத்தை நேராக கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் கருவி) வாங்குங்கள். எச்டிஎம்ஐ செட்டிங்கில் எச்டிசிபி-யை (காப்பி எடுக்க விடாத பூட்டு) ஆஃப் செய்தால்தான் படம் வரும், ஆனால் அது ஆஃபில் இருக்கும்வரை கன்சோலில் நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி ஆப்கள் ஓடாது.

லினக்ஸ்ல வழி இருக்கா?

சோனி தரவில்லை. சியாக்கி-என்ஜி என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் ஆப் இருக்கிறது, ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியிலும் ஓடும். ஒருமுறை பதிவு செய்ய கன்சோல் ரிமோட் ப்ளே பக்கத்தில் காட்டும் 8 இலக்க எண் வேண்டும், அதற்கு மட்டும் டிவி முன்னால் போகணும்.