ஆஸ்ட்ரோசைட்: குன்னூர் வாசகர் வட்டக் கேள்வி பதில்

போன ஞாயிறு மூளையின் ஆஸ்ட்ரோசைட் செல்களைப் பற்றிப் பேசியதற்கு வந்த சீட்டுகள் இவை.

கோத்தகிரி ஆசிரியை: நியூரான்களை (நரம்புச் செல்களை) ஒட்டிவைக்கும் பசைதானே அது, மேடம்?

1856-ல் விர்ஹோ என்ற ஜெர்மன் மருத்துவர் அப்படி நினைத்து, ஆஸ்ட்ரோசைட் சேர்ந்த செல் கூட்டத்துக்கு வைத்த ‘கிளியா’ (பசை) என்ற பெயரை இன்னும் சுமக்கிறோம் டீச்சர். ஒரு நியூரான் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைக் கொட்டி அடுத்ததற்குச் சேதி சொல்கிறது. சொன்னதும் இடம் காலியாக வேண்டும். இல்லாவிட்டால் பழைய சேதியும் புதுசும் கலந்துவிடும்; மிஞ்சித் தேங்கினால் நியூரானே சாகும். சினாப்ஸை, அதாவது இரு நியூரான்கள் சந்திக்கும் இடத்தை, சுற்றிக் கிளை விரித்திருக்கும் ஆஸ்ட்ரோசைட் அதை உறிஞ்சி, குளூட்டமினாக்கி, நியூரானுக்கே திருப்பிக் கொடுக்கிறது. வெளியே சேரும் பொட்டாசியத்தையும் வாங்கிக்கொள்கிறது. எனக்கு மூளையில் ரொம்பப் பிடித்த வேலை இதுதான்.

மஞ்சூர்: கிளியா செல்களின் எண்ணிக்கை நியூரானைவிடப் பத்து மடங்காமே?

இல்லை. 2009-ல் எண்ணியபோது நியூரான் சுமார் 8,600 கோடி, மற்ற எல்லாச் செல்லும் சேர்த்து 8,500 கோடி.

ஊட்டி கல்லூரி மாணவர்: அவையும் பேசுமா?

தம்பி, சண்டையே இதில்தான். 1990-ல் வளர்ப்புத் தட்டிலிருந்த ஆஸ்ட்ரோசைட்களில் குளூட்டமேட் பட்டதும் கால்சியம் அலை ஓடியது; அதுதான் அவற்றின் பேச்சோ என்ற எண்ணம் வந்தது. 1999-ல், இரு நியூரான்களோடு ஆஸ்ட்ரோசைட்டையும் மூன்றாம் தரப்பாகச் சேர்த்து ‘முத்தரப்பு சினாப்ஸ்’ என்ற பெயரே வந்துவிட்டது. ஆனால் 2010-ல், எலி ஆஸ்ட்ரோசைட்டில் கால்சியத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தவர்கள் சினாப்ஸில் மாற்றமே காணவில்லை. எலி மூளைத் துண்டில் கண்டதை மனித மூளைக்கு அப்படியே ஏற்றாதீர்கள்.

லவ்டேல், ஓய்வுபெற்றவர்: 2023-ல் நிரூபித்துவிட்டார்களே!

ஐயா, ஒரு சிறு பிரிவு ஆஸ்ட்ரோசைட்கள் குளூட்டமேட்டை வெளிவிடுவதாகத்தான் அதில் இருக்கிறது. ‘எல்லாம் பேசும்’ என்று நீட்ட முடியாது. துப்புரவு வேலை உறுதி; பேசுகிறதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இதிலிருந்து நான் இறங்க மாட்டேன்.

டீமேக்கர், எடப்பள்ளி: ராத்திரி ஷிப்டில் டீ குடித்தால் தூக்கம் போவதற்கும் இதற்கும் சம்பந்தமுண்டா?

உண்டு அண்ணா, அருமையான கேள்வி. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து நியூரான்களை அடக்கும். ஆஸ்ட்ரோசைட் வெளிவிடும் ஏடிபியும் (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) அதற்கு ஒரு ஊற்று என்று எலி ஆய்வுகள் சொல்கின்றன. மறுபடியும் எலிதான். அடினோசின் உட்காரும் இடத்தில் டீயின் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடக்குகிற கை எட்டுவதில்லை.

நினைவாற்றல் டானிக் நல்லதா? (இதே கேள்வியோடு வந்த நான்காவது சீட்டு)

வாங்காதீர்கள். மற்ற மூவருக்கும் இதே பதில்தான்.

கேத்தி, ஒரு தாய்: பையனுக்கு வலிப்பு. இந்தச் செல்தான் காரணமா?

சில வகை வலிப்பில் பொட்டாசியத்தை வாங்கும் வேலை குறைந்திருப்பது உண்மைதான் அம்மா. உங்கள் பையனுக்கு என்னவென்று நான் சொல்லக் கூடாது. நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.