எம்.பி.யின் சாப்பாட்டுச் செலவு

அன்புள்ள ஐயா,
பிரிட்டனின் தொழிற்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கெயர் ஹார்டி பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் காலத்தில் பிரிட்டனில் எம்.பி.க்குச் சம்பளமே கிடையாதாமே, எப்படிச் சாப்பிட்டார்? எங்கள் மீனவர் சங்கத்திலும் ‘நம்மாள் ஒருத்தரை டெல்லிக்கு அனுப்பணும்’ என்று பேச்சு ஓடுகிறது. சந்தாப் பணத்தை அதற்கு எடுக்கலாமா?
— ஒரு வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள நண்பருக்கு,

பத்திரிகையில் எழுதியும் மேடையில் பேசியும்தான் சாப்பிட்டார். 1892இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட் ஹாம் சவுத் தொகுதியில் ஜெயித்து 1895இல் தோற்றார். 1900இல் வேல்ஸின் மெர்தர் தொகுதியில் வென்று 1915இல் சாகும்வரை எம்.பி. எல்லோருக்கும் அவர் பேனா வாய்க்காதே. அதனால் 1903இல் கட்சியோடு இணைந்த தொழிற்சங்கங்கள் கூடி, உறுப்பினர் தலைக்கு வருஷம் ஒரு பென்னி, எம்.பி.க்கு 200 பவுண்டு என்று முடிவெடுத்தன.

வினை அங்கேதான் வந்தது. ஆஸ்பார்ன் என்ற ரயில்வே சங்க உறுப்பினர், ‘என் காசை அரசியலுக்கு எடுக்காதே’ என்று வழக்குப் போட்டார். 1909இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளிக்க, பல எம்.பி.க்களுக்குச் சங்கம் தந்த படி நின்றது. 1911இல் அரசே 400 பவுண்டு சம்பளம் தந்தது. 1913 சட்டம் சங்கங்களுக்குத் தனி அரசியல் நிதியை அனுமதித்தது; வேண்டாதவர் எழுதிக் கொடுத்து விலகலாம். 1927இல் அதைத் தலைகீழாக்கினார்கள்: எழுதிக் கொடுத்தவரிடம் மட்டுமே பிடிக்கலாம். சங்கங்கள் வழியாகத் தொழிற்கட்சியோடு இணைந்த உறுப்பினர் கணக்கு முப்பது லட்சத்துக்கு மேலிருந்து இருபது லட்சத்தை ஒட்டிச் சரிந்தது. பாதிப் பேருக்குப் படிவம் எழுதச் சோம்பலாக இருந்திருக்கும்!

நம் 1926 தொழிற்சங்கச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் விருப்பப்பட்டவரிடம் வாங்கும் வகையாகத்தான் இருந்தது. அதன்படி பொது நிதியைத் தேர்தலுக்குத் தொடக் கூடாது என்றிருந்தது. தனியாக வசூலித்த நிதியிலிருந்து வேட்பாளர் செலவு, கூட்டம், துண்டறிக்கை, ஜெயித்தவரின் பராமரிப்பு வரை பார்க்க முடிந்தது. தராதவரின் சலுகையை வெட்ட முடியாது என்றும் இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் தனி நிதி உண்டு, கட்டாயம் கிடையாது. எதற்குச் செலவிடலாம் என்பதை விதிகளுக்கு விட்டிருக்கிறது. ரசீது அடிக்கும்முன் அதைப் பாருங்கள்.

ரசீதுப் புத்தகமும் வங்கிக் கணக்கும் தனித்தனியாக இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரரிடம் காசு புரளாது. அப்போது பொதுக் கணக்கிலிருந்து ‘கைமாத்தாக’ எடுப்பதில்தான் சங்கம் வழுக்கும்.

இன்னொன்று. மெர்தர் இரட்டை உறுப்பினர் தொகுதி. வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. ஒன்றைச் சுரங்க முதலாளிக்குப் போட்ட பலர் மற்றதை ஹார்டிக்குப் போட்டார்கள். ராமநாதபுரத்தில் ஒரே ஓட்டு. அதையும் பரமக்குடி, திருச்சுழி என்று கடலைப் பார்க்காத ஊர்களில் போய்க் கேட்டாக வேண்டும்.