முதலில் யூரியா பையைக் கீழே வையுங்கள்: பயிர் நோய் கேள்வி-பதில்

அடைமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கினால் எனக்குத் தபால் கூடிவிடும். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் நெல்லைத் தாக்கும் குலை நோய்தான். ஒரே கேள்வியை ஒன்பது பேர் கேட்டிருந்தால் ஒருவருக்குத்தான் பதில் போட்டிருக்கிறேன். மற்ற எட்டு பேரும் கோபித்துக்கொள்ளாமல் அதையே படித்துக்கொள்ளவும்.

மன்னார்குடி: ஆந்திரா பொன்னி நெல், நட்டு நாற்பது நாள். இலையில் கண் வடிவத்தில் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம். ஒரு மேலுரம் பாக்கி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மருந்து அடிக்கலாமா?

உரத்தைப் போடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாகக் குலை நோய். இந்தப் பூஞ்சாணத்தின் வித்து, பனியில் நனைந்த இலைமேல் ஒட்டிக்கொண்டு ஒரு குமிழ் கட்டும். அந்தக் குமிழுக்குள் சேரும் அழுத்தம் சுமார் 80 வளிமண்டலம். கார் டயரில் நாம் அடைக்கும் காற்றைப் போல முப்பது நாற்பது மடங்கு. அந்த வேகத்தில்தான் இலைத் தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது. யூரியா தின்று கொழுகொழுவென்று கரும்பச்சையாக நிற்கும் இலை அதற்கு அல்வா மாதிரி. ஒரு வாரம் போனால் அந்தப் புள்ளியிலிருந்தே அடுத்த தலைமுறை வித்து பறக்கும்.

அடிக்க வேண்டிய பூஞ்சாண மருந்து டிரைசைக்கிளசோல் 75 சதத் தூள், ஏக்கருக்கு 200 கிராம், 200 லிட்டர் தண்ணீரில். கதிர் முற்றிய பிறகு இதைத் தொடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் அரிசியில் இந்த மருந்தின் எச்ச வரம்பை நூறில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. நம் பொன்னி அங்கே போகவில்லை, சரி. அதைச் சாப்பிடுகிற நம் வயிறும் வயிறுதானே.

நீடாமங்கலம்: கதிர் வெளுத்துப் பதராக நிற்கிறது. கழுத்துக் குலை நோய் என்று கடைக்காரர் மருந்து கொடுத்தார். அடித்தும் கேட்கவில்லை.

வெளுத்த கதிரைப் பிடித்து இழுத்துப் பார்த்தீர்களா? கையோடு உருவிக்கொண்டு வந்தால் அது குருத்துப்பூச்சி. பூஞ்சாண மருந்துக்குப் பூச்சி எப்படிக் கேட்கும்? உருவாமல், கழுத்தில் கருப்பாக வளையம் கட்டி அங்கேயே ஒடிந்தால்தான் குலை நோய். அதுவும் கழுத்து அழுகின பிறகு அடிக்கிற மருந்து வீண் செலவு. கதிர் தலைகாட்டும்போதே அடித்திருக்க வேண்டும். வரப்பில் நின்று பார்க்காதீர்கள், வயலுக்குள் இறங்குங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது?

ஊர் எழுதாத ஒருவர்: படம் அனுப்பியுள்ளேன். என்ன மருந்து?

படத்தில் உங்கள் கட்டைவிரல் தெளிவாக இருக்கிறது. பயிர் தெரியவில்லை. ரகம், பயிரின் வயது, கடைசியாகப் போட்ட உரம், தண்ணீர் நிற்கிறதா வடிந்ததா, இவற்றை எழுதிவிட்டுக் கேளுங்கள்.

குத்தாலம்: இலை நுனியிலிருந்து இரண்டு ஓரமும் வைக்கோல் நிறத்தில் காய்ந்துகொண்டே இறங்குகிறது. இரண்டு முறை பூஞ்சாணக்கொல்லி அடித்தாயிற்று.

இலையை நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் நனையும்படி வையுங்கள். சற்று நேரத்தில் பால் போலக் கசிந்து இறங்கினால் அது பாக்டீரியா இலைக்கருகல். பூஞ்சாணமே இல்லை. உங்கள் இரண்டு தெளிப்பும் வாய்க்காலோடு போயிற்று. யூரியாவை நிறுத்துங்கள், தண்ணீரை வடியுங்கள், அந்தத் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் பாயாமல் பாருங்கள். பசுஞ்சாணக் கரைசல் 20 சதம் எடுத்து, தெளியவைத்து, வடிகட்டி இருமுறை தெளிக்கலாம்.

கும்பகோணம்: கதிரில் மஞ்சள் உருண்டை. அப்பா “லட்சுமி வந்திருக்கா, விளைச்சல் அமோகம்” என்கிறார். நிஜமா?

அப்பா சொல்வதில் பாதி நிஜம். நல்ல மழை, நல்ல விளைச்சல் வருகிற வருஷத்தில்தான் நெற்பழம் என்கிற இந்த மஞ்சள் உருண்டை நோய் தலைகாட்டும். அதனால்தான் லட்சுமி நோய் என்றே பெயர். இப்போது ஒன்றும் செய்வதற்கில்லை. கதிர் வெளிவரும் முன், கண்ணாடி இலைப் பருவத்தில் ஒன்று, பாதி பூத்ததும் ஒன்று என்று புரோப்பிகோனசோல் அடித்திருக்கலாம், ஏக்கருக்கு 200 மில்லி. அந்தக் கதிரிலிருந்து விதைநெல் எடுக்காதீர்கள்.

வலங்கைமான்: சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா இரண்டும் வாங்கினேன். கடையில் சொன்னபடி அவற்றோடு கார்பென்டாசிம், காப்பர், ஸ்ட்ரெப்டோசைக்ளின், கொஞ்சம் பூச்சி மருந்து, ஒரு டானிக் எல்லாம் ஒரே டேங்கில் கலந்து அடித்தேன். பலன் இல்லை. உயிர் மருந்து எல்லாம் ஏமாற்றா?

இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை சிரிப்பு வந்தது, அதற்கப்புறம் வருத்தம்.

சூடோமோனாஸ் என்பது வெறும் தூள் அல்ல. டால்க் மாவில் ஏற்றி வைத்திருக்கும் உயிருள்ள பாக்டீரியா. டிரைக்கோடெர்மா ஒரு பூஞ்சாணம், நோய்ப் பூஞ்சாணத்தைத் தின்னும் பூஞ்சாணம். ஸ்ட்ரெப்டோசைக்ளின் எதற்கு? பாக்டீரியாவைக் கொல்ல. காப்பரும் பாக்டீரியாவை விடாது. கார்பென்டாசிம் எதற்கு? பூஞ்சாணத்தைக் கொல்ல. ஆக, காவலுக்கு இரண்டு பேரைக் காசு கொடுத்து அழைத்துவந்து, வாசலிலேயே விஷம் வைத்துவிட்டு, திருடன் வந்துவிட்டானே என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் ஆற்றாமை உண்டு. பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் ஒரு உரக்கடையில் நின்றிருந்தேன். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் வாக்கில், சாகுபடி செய்கிறவர் ஒருவர் வந்து, “இலை பழுக்குது” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எந்த இலை, எப்படிப் பழுக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஐந்து பொட்டலம் எடுத்து வைத்து, “எல்லாத்தையும் கலந்து அடி, எதுவோ ஒண்ணு கேக்கும்” என்றார் கடைக்காரர். எதுவோ ஒன்று கேட்கும்! வைத்தியர் இப்படி ஐந்து ஊசியை ஒரே சிரிஞ்சில் ஏற்றினால் நாம் விடுவோமா? பயிர் பேசாது, அதனால் விட்டுவிடுகிறோம். கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆளுக்குக் கூலி கொடுத்து ஒரே தெளிப்பில் முடிக்க வேண்டும் என்று கேட்பது நாம்தான்.

இன்னொன்று. பொட்டலத்தில் தேதி பார்த்தீர்களா? இந்தத் தூள்களுக்கு ஆயுசு சில மாதம்தான். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் கிடந்த பொட்டலத்தில் மிச்சம் இருப்பது முகப்பவுடருக்கு ஆகிற மாவு மட்டும். நிழலில் வைத்திருக்கிற இடத்தில், புதுத் தேதி பார்த்து வாங்குங்கள்.

செய்ய வேண்டியது இது. விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ். நட்டு ஒரு மாதத்தில் ஏக்கருக்கு ஒரு கிலோ, 20 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலந்து வயலில் வீசுங்கள். தேவைப்பட்டால் நாற்பத்தைந்து நாள் வாக்கில் லிட்டருக்கு 2 கிராம் வீதம், சாயந்திர வேளையில் தெளிப்பு. ரசாயனம் அடித்தே தீர வேண்டும் என்றால் நடுவில் பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள். இதெல்லாம் நோய் வரும் முன் செய்கிற வேலை. கழுத்து அழுகின பிறகு சூடோமோனாஸை மாலை போட்டு வரவேற்றாலும் பயனில்லை.

வேதாரண்யம் பக்கம்: மணல்சாரி நிலம். இலையெல்லாம் எள் தூவினாற்போல் பழுப்புப் புள்ளி. நீங்கள் சொன்னபடி யூரியாவை அடியோடு நிறுத்திவிட்டேன், இன்னும் கூடுகிறது.

உங்களுக்கு மட்டும் என் பல்லவியை மாற்ற வேண்டும். இது செம்புள்ளி. குலை நோய் கொழுத்த பயிருக்கு வரும், செம்புள்ளி பட்டினி கிடக்கும் பயிருக்கு வரும். தழைச்சத்தும் (யூரியா தருவது) சாம்பல்சத்தும் (பொட்டாஷ் தருவது) குறைந்த மண்ணில்தான் இதன் ஆட்டம். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், தொழுவுரம் போடுங்கள், பொட்டாஷைப் பிரித்துக் கொடுங்கள். இளக்காரமாக நினைக்காதீர்கள். 1942-ல் வங்காளத்து நெல்லை இந்த நோய்தான் வாரிக்கொண்டு போனது. மறுவருஷப் பஞ்சத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டுக்கோட்டை: தென்னையின் அடிமரத்தில் செம்பழுப்பாக நீர் வடிகிறது. கீழ்மட்டைகள் தொங்குகின்றன. கஜா புயலில் தப்பித்த மரம்.

தஞ்சாவூர் வாடல். 1952 புயலுக்குப் பிறகு நம் மாவட்டத்தில் கவனத்துக்கு வந்ததால் ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. கேனோடெர்மா என்கிற பூஞ்சாணம். முற்றினால் அடியில் விசிறி போலக் காளான் முளைக்கும். அது முளைத்த மரத்தைக் காப்பாற்றுவது கடினம். உங்களுடையதை முயன்று பார்க்கலாம். பென்சில் கனத்தில் உயிருள்ள வேர் ஒன்றைத் தேடிச் சரிவாகச் சீவி, ஹெக்சகோனசோல் 2 மில்லியை 100 மில்லி தண்ணீரில் கலந்து பையில் ஊற்றி, சீவிய வேர் அதில் முங்கும்படி கட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. வருஷத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கை டிரைக்கோடெர்மா கலந்து வேர்ப்பாத்தியில் போடுங்கள். வயலில் இருந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சாமல் மரத்துக்கு மரம் தனிப்பாத்தி. வாழையை ஊடுபயிராகப் போட்டால் நல்லது. 2018-ல் சாய்ந்த மரங்களின் அடிக்கட்டை இன்னும் தோப்பில் கிடக்கிறதா? அதைத் தோண்டி எரியுங்கள். அந்தப் பூஞ்சாணத்துக்கு அதுதான் வீடு.

பாபநாசம்: வெற்றிலைக் கொடிக்கால். போர்டோ கலவை ஊற்றினால் இலை கருகுகிறது.

சுண்ணாம்பு போதவில்லை, அல்லது பழைய சுண்ணாம்பு. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ 50 லிட்டரில், நல்ல சுண்ணாம்பு ஒரு கிலோ 50 லிட்டரில், தனித்தனியே. துத்தத்தைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக்கூடாது, இரும்புப் பாத்திரமும் கூடாது. பளபளப்பான கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். கலந்த அன்றே தீர்த்துவிடுங்கள். 1880-களில் பிரான்சில் திராட்சைக்காகக் கண்டுபிடித்த கலவை, இன்றும் இதற்கு ஈடு குறைவு. வடிகால் சரியில்லாத கொடிக்காலில் இதுவும் தோற்கும்.

திருவையாறு: ரஸ்தாளியில் வாடல். எந்த மருந்து ஊற்றினால் தீரும்?

எதுவும் தீர்க்காது. மண்ணில் இருபது வருஷத்துக்கு மேல் தூங்கும் பூஞ்சாணம் அது. வாடிய மரத்தைக் கிழங்கோடு எடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருஷம் நெல் நடுங்கள், பிறகு பூவன் போடுங்கள். நோய்க் கொல்லையிலிருந்து யாருக்கும் கன்று கொடுக்காதீர்கள், சொந்த மைத்துனராக இருந்தாலும். கன்று விஷயத்தில் சந்தேகம் இருந்தால் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள்.

திருத்துறைப்பூண்டி: நெல் அறுத்த தரிசில் விதைத்த உளுந்தில் விபூதி பூசினாற்போல் இலை.

சாம்பல் நோய். நனையும் கந்தகம், ஏக்கருக்கு 600 கிராம். உச்சி வெயிலில் அடிக்காதீர்கள்.

ஒரு வேளாண் மாணவி: எதிர்ப்பு ரகம் என்று வெளியிடுகிறார்கள். சில வருஷத்தில் குலை நோய் வந்துவிடுகிறதே, ஆராய்ச்சியில் கோளாறா?

கோளாறு இல்லை அம்மா. நல்ல கேள்வி. ரகத்தில் ஒரே ஒரு எதிர்ப்பு மரபணு இருந்தால், அதைத் தாண்டத் தெரிந்த பூஞ்சாண இனம் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். டெல்டா முழுக்க அந்த ஒரே ரகத்தை விதைத்தால் அந்த இனத்துக்கு மட்டும் பந்தி விரித்த மாதிரி. அதனால்தான் இப்போது இரண்டு மூன்று மரபணுக்களை ஒரே ரகத்தில் அடுக்குகிறார்கள்.

சோதனை எப்படி நடக்கும் தெரியுமா? பயிரைக் காப்பதற்கு நேர்மாறாக நோயை ஊட்டி வளர்ப்போம். மேட்டுப்பாத்தி, அளவுக்கு மீறி யூரியா, இலை காயாமல் தண்ணீர்த் தூவல், சுற்றிலும் சீக்கிரம் நோய் வாங்கும் ரகம். நடுவில் சோதிக்கும் வரிசைகளுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண். சீக்கிரம் நோய் வாங்குவதில் உலகப் பெயர் எடுத்தது யார் தெரியுமா? நம் கோயம்புத்தூர் நெல் ரகம் கோ 39. குலை நோய் ஆராய்ச்சியில் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களிலும் அந்தப் பெயர் அடிபடும். மரபணு ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றிப் பார்க்க அதையே அடிப்படையாக வைத்தார்கள். தோற்ற ரகத்துக்கு இவ்வளவு மரியாதை! ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனால் இந்த நோய்ப் பாத்தியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரத்தநாடு: உங்கள் பேச்சைக் கேட்டு யூரியாவைப் பாதியாகக் குறைத்தேன். பக்கத்து வயல் கரும்பச்சை, என் வயல் வெளிர்பச்சை. டீக்கடையில் கேலி செய்கிறார்கள்.

அறுவடையன்று இரண்டு களத்திலும் மூட்டையை எண்ணி எழுதுங்கள். உங்களுடையது குறைந்திருந்தாலும் எழுதுங்கள், மறைக்காமல் போடுகிறேன்.