சாமிமார் கதைச்சா சண்டை நிக்குமோ? – கேள்வி பதில்

சமாதானத்துக்கெண்டு எல்லாச் சமயத்தவரும் சேர்ந்து நடத்துற சர்வமதக் குழுவில சேர என்ன செய்யவேணும், ஐயா?
உங்கட பங்குச் சுவாமியை, இல்லாட்டிப் பள்ளிவாசல் நிர்வாகத்தைக் கேளுங்கோ. குத்துவிளக்கு ஏத்திப் படம் எடுக்கிறதுக்கெண்டா சேரவேண்டாம்.

போர்க்காலத்தில மதத் தலைவர்மார் உண்மையில என்ன செய்தவை?
ஆமியின்ர சென்றிக்கும் (காவலரண்) செத்தவீட்டுக்கும் ஒரே நாளில போய்வரக்கூடிய ஆக்கள் அப்ப அவைதான். அதுக்கு விலையும் குடுத்தவை. அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் 2006 ஓகஸ்ட் 20இல காணாமல்போனவர். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011இல, போரைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் வச்ச நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால போய், 146,679 பேர் எங்கயெண்டு கேட்டவர். கச்சேரிக் (மாவட்டச் செயலகம்) கணக்கில வன்னியில இருந்த சனத்தில, ஐ.நா. கணக்கில அரச பக்கம் வந்து சேர்ந்த சனத்தைக் கழிச்சு வந்த எண் அது. அரசாங்கத்தின்ர கச்சேரிக் கணக்கையும் வச்சே அரசாங்கத்தைக் கேட்டவர்.

யாழ்ப்பாணம் சோனகதெருவில எங்கட குடும்பம் இருந்தது. 1990இல முஸ்லிம் சனத்தை வெளியேத்தினதைப் பற்றி ஒரு சாமியாரும் வாய் திறக்கிறேல்லையே?
நியாயமான கோபம், தங்கச்சி. ஒக்ரோபர் 30, இரண்டு மணித்தியால அவகாசம். வெளியேத்தினது புலிகள். அதைப் பெயர் சொல்லிக் கதைக்காத கூட்டத்துக்கு நீங்கள் போகத் தேவையில்லை. திரும்பி வாறவைக்குக் காணியும் வீட்டுத்திட்டமும் பிரதேச செயலகத்தில; அயலவரின்ர முகத்தை அவையின்ர பக்கம் திருப்புறதுதான் கோயிலின்ர வேலை.

சர்வமதக் குழுவில எப்பிடிச் சேருறது?
முதல் பதிலை வாசியுங்கோ.

பாதர்மாரையே புகழுறியள். எங்கட ஐயர்மார்?
1968இல மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசல்ல ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் உள்ள விடச்சொல்லிச் சத்தியாக்கிரகம் இருந்தது. மறிச்சு நிண்டவைக்குத் தலைமை முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். வழி திறந்தது, சாதி பார்த்துக் கோயிலுக்குள்ள மறிக்கிறதைக் குற்றமாக்கின 1957ஆம் ஆண்டுச் சட்டமும் போராட்டமும், குருமாரின்ர உபதேசமில்லை.

பழைய கதையை ஏன் கிளறுறியள்?
2018இல வரணியில கோயில் தேரை மண் கிண்டுற ஜேசிபி இயந்திரத்தால இழுத்தது பழைய கதையோ?

இழுக்க ஆள் காணாதெண்டு விளக்கம் சொன்னவை, ஐயா.
வடம் பிடிக்கக் கேட்டுக்கொண்டு பக்கத்தில ஒடுக்கப்பட்ட சனம் நிண்டது, தம்பி. அந்த இடத்தில குருக்கள் "எல்லாரும் பிடியுங்கோ" எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் அது சமாதான வேலை. கொழும்பு ஹோட்டல்ல நடக்கிற சர்வமதக் கூட்டத்தில மௌலவிக்குக் கை குடுக்கிறது லேசு.

அப்ப குருக்கள்மாரை உபயகாரர் (திருவிழாச் செலவு பொறுக்கிறவை) அப்பிடிச் சொல்ல விடுவினமோ?
விடாயினம். கோயில் சபையில ஆர் ஆர் இருக்கினமெண்டு முதல்ல பாருங்கோ.

குழுவில சேர வயதெல்லை இருக்கோ?
இதுக்குமேல சேருற கேள்வி வேண்டாம், பிள்ளையள்.

சனத்தின்ர காணியில கட்டின தையிட்டி விகாரை விசயத்தில பிக்குமாரோட கதைச்சுச் சரிவருமோ?
கதைக்கலாம். காணிக்காரர் காணி உறுதிப் பத்திரத்தோட முன்னுக்குப் போகட்டும், சாமிமார் பின்னால போகட்டும்.