எண் கணிதமும் எரிந்த பாராசூட்டும்

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் கனடாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ மைனார்ஸ்கி, குண்டுவீச்சு விமானத்தில் சிக்கிக்கொண்ட நண்பரை மீட்கப் போய்த் தீயில் கருகி இறந்தார். அந்த நண்பரோ விமானம் தரையில் விழுந்தும் பிழைத்துவிட்டார். அது அவர்களுடைய 13ஆவது பயணம், தேதியும் 13. இதை விதி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அந்தச் சாவு வீண்தானே?

(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: எண் கணிதக்காரர்களுக்கும் எனக்கும் இந்தப் பக்கத்தில் நெடுங்காலமாக நடக்கும் வழக்கு தெரிந்தேதான் கேட்டிருக்கிறீர்கள். கணக்கை முழுதாகவே போட்டுவிடுவோம். 1944 ஜூன் 13 செவ்வாய்க்கிழமை. 'செவ்வாயோ வெறும்வாயோ' என்பவர்கள் அதையும் வரவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் படைப்பிரிவின் எண் 419, கூட்டினால் ஐந்து. விமானத்தின் எண் கேபி 726, கூட்டினால் ஆறு. புதனும் சுக்கிரனும் கைகோத்து நிற்கும் இப்படிப்பட்ட எண்களுக்காக நம் ஊரில் பெயரின் எழுத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். போதாததற்கு, மேல்நாட்டார் அதிர்ஷ்டச் சின்னமாகக் கருதும் நான்கு இலைக் குளோவர் என்ற சிறு செடியின் இலையைப் புறப்படும் முன் புல்தரையில் கண்டெடுத்த மைனார்ஸ்கி, அதை அதிர்ஷ்டத்துக்காக நண்பர் பிராஃபியிடம் கொடுத்தார். இதை நான் மறைத்தால் அடுத்த இதழுக்கு நீங்களே எழுதி அனுப்புவீர்கள். அந்த லங்காஸ்டர் விமானத்தில் இருந்த ஏழு பேருக்கும் அதே தேதிதான், அதே பயணம்தான். ஆறு பேர் பிழைத்தார்கள். இப்படி ஆறு முறை தவறிய ஒரு சோதிடரிடம் நீங்கள் மறுபடியும் போவீர்களா?

நடந்ததற்குக் காரணம் எண்ணில் இல்லை, எண்ணெய்க் குழாயில் இருந்தது. நார்மண்டியில் நேசப்படைகள் இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஜெர்மானியப் படைகளுக்குத் துணை போய்ச் சேராதபடி பிரான்சின் காம்ப்ரே ரயில் முனையத்தைத் தகர்க்கப் போன விமானத்தை, இரவுப் போர் விமானம் ஒன்று பின்னாலும் கீழேயும் இருந்து சுட்டது. இடப்புறத்து இரண்டு இஞ்சின்களும் நின்றன. வால் முனையில் பிராஃபி உட்கார்ந்திருந்த சுழல் துப்பாக்கிக் கூண்டு, இஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் அழுத்தத்தால்தான் திரும்பும். கூண்டுக்குள் பாராசூட்டுடன் உட்கார இடம் கிடையாது. அது கதவுக்குப் பின்னால், விமானத்தின் உடற்பகுதியில் மாட்டியிருக்கும். ஆபத்து வந்தால் கதவைத் திறந்து அதை எட்டி எடுத்து மாட்டிக்கொண்டு, கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுப்புறமாக வெளியே விழ வேண்டும். பிராஃபி பாராசூட்டை எடுத்துவிட்டார். கூண்டு பாதி திரும்பி நின்றுவிட்டது. கையால் சுழற்றும் பிடியும் அவர் முயற்சியில் முறிந்தது. உள்ளே வரவும் முடியாது, வெளியே விழவும் முடியாது.

விமானத்தின் முதுகில் இருந்த இன்னொரு துப்பாக்கிக் கூண்டிலிருந்து இறங்கி வெளியேறும் கதவுக்குப் போன மைனார்ஸ்கி, குதிப்பதற்கு முன் இதைப் பார்த்தார். அவருக்கு வயது 27. வினிப்பெக் நகரில் போலந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்து, தகப்பனார் இறந்தபின் தோல் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கியவர். இரண்டு கூண்டுகளுக்கும் நடுவில் எரிந்த தீயைக் கடந்து போய், கோடரியால் நெம்பிப் பார்த்து, பிறகு வெறுங்கையால் இழுத்தார். போய்விடு என்று பிராஃபி சைகை காட்டும்போது, இடுப்புவரை உடுப்பிலும் பாராசூட்டிலும் தீப்பற்றியிருந்தது. மீண்டும் தீ வழியாகவே கதவுக்குத் திரும்பினார். அங்கே நிமிர்ந்து நின்று பிராஃபிக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். நம் திரைக் கதாநாயகர்கள் சாவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் அப்போது அவர்கள் பேசும் வசனத்தையும் பற்றி நான் பலமுறை புலம்பியிருப்பதால், இங்கே இந்த ஒரு வரியோடு நிறுத்துகிறேன். தரையில் அவரைக் கண்டெடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். தீக்காயங்களால் அவர் இறந்தார்.

குண்டுகள் இறக்கப்படாத விமானம் தரையில் மோதிய வேகத்தில், பூட்டிக்கிடந்த கூண்டு திறந்து பிராஃபி வெளியே வீசப்பட்டார். இந்த இடத்தைத்தான் நீங்கள் 'வீண்' என்கிறீர்கள். ஓர் ஆள் தானாகப் பிழைக்கப்போகிறார் என்று முன்கூட்டித் தெரிந்துகொண்டு, அதன்பின் உதவிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் வசதி எரியும் விமானத்தில் யாருக்கும் இல்லை.

மேலும், பிராஃபி பிழைத்ததால்தான் இந்தக் கேள்வியை உங்களால் கேட்கவே முடிகிறது. அந்த வால் பகுதியில் நடந்ததைப் பார்த்தவர் அவர் ஒருவரே. அவர் சொன்னதன் பேரில்தான் 1946 அக்டோபரில் மைனார்ஸ்கிக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். அவர்களுடைய விமானங்களில் பல, ஏழு பேரில் ஒருவர்கூட மிஞ்சாமல் விழுந்தவை. அவற்றுக்குள் யார் யாருக்காகத் தீயைக் கடந்து போனார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. ஆகவே விருதுக்குப் பரிந்துரையும் இல்லை.